மணக்கிற இலையும் மணக்காத இலையும்

“துளசியும் நித்தியகல்யாணியும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கின்றன. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். அப்படியிருக்க ஒன்று மூலிகையாகவும் மற்றது வெறும் அழகுச் செடியாகவும் ஆனது எப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. “வெறும்” என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுவோம். இந்த இரண்டில், புற்றுநோய்ச் சிகிச்சையில் சிரை வழியாக ஏற்றும் மருந்தைத் தந்தது நித்தியகல்யாணிதான். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இரண்டு மருந்துகள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இல்லாத சிகிச்சையை இன்றைக்கும் யோசிப்பது கடினம். துளசிக்கு மருந்துக் குணமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அப்புறம் எதற்கு ஒன்றை மூலிகை என்றும் மற்றதைப் பூச்செடி என்றும் பிரித்தோம்? முக்கியமான காரணம் நம் மூக்கு என்று நினைக்கிறேன்.

ஒரு துளசி இலையைப் பறித்து, திருப்பிப்போட்டு, கைலென்ஸில் பாருங்கள். பச்சைப் பரப்பில் ஊசிமுனையளவு புள்ளிகள் பளபளக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரப்பி மயிர். மயிர் என்று பெயரே தவிர நீளம் கிடையாது. குட்டைக் காம்பின் மேல் நான்கு செல்கள் கூடிய ஒரு தலை, அவ்வளவுதான். அந்தச் செல்கள் எண்ணெயைச் சுரந்து வெளியே தள்ளுகின்றன. தலையைப் போர்த்தியிருக்கும் க்யூட்டிகிள் என்னும் மெழுகுத் தோல் செல்லைவிட்டு மேலெழும்பி, பலூன்போல உப்பி, அந்த எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விரல் பட்டால் பலூன் உடையும். துளசியைத் தடவியபின் கையில் ஒட்டியிருக்கும் மணம் இப்படி உடைந்த பலூன்களிலிருந்து வந்ததுதான்.

அந்த எண்ணெயில் முக்கியமானது யூஜினால். கிராம்பில் மணப்பதும் இதுவே. மரத்தை மரமாக்கும் லிக்னினுக்கான மூலப்பொருளையே கொஞ்சம் திசைதிருப்பி, செடி யூஜினாலைச் செய்துகொள்கிறது. அந்தக் கடைசிப் படியைச் செய்யும் நொதியைத் துளசியின் சொந்தக்காரனான திருநீற்றுப்பச்சிலையில் 2006இல் கண்டுபிடித்தார்கள். அதே ஆய்வில், அழகுக்கு வளர்க்கும் பெட்டூனியாவின் பூவிலும் அதற்கு உறவான ஒரு நொதி கிடைத்தது. மூலிகை, அழகுச்செடி என்ற பாகுபாடு செடிகளுக்குத் தெரியாது பாருங்கள்.

யூஜினாலின் மூலக்கூறு எடை 164. சிறியது, லேசானது, எளிதில் ஆவியாகிப் பறந்து மூக்குக்குள் வந்துவிடும். வின்பிளாஸ்டினின் எடை 811. அது எங்கே பறப்பது? நித்தியகல்யாணி இலையை எவ்வளவு கசக்கினாலும் இந்த மருந்து மூக்குக்கு எட்டாது. முகர்ந்து பார்த்து மருந்து தேடிய மனித இனத்தின் கண்ணில் அந்தச் செடியின் பூதான் பெரிதும் பட்டதில் வியப்பில்லை.

(துளசி இரவிலும் ஆக்சிஜன் விடுகிறது என்ற செய்தி கைபேசிகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரவில் ஒளி இல்லை. ஒளி இல்லாமல் நீரைப் பிளந்து ஆக்சிஜன் எடுக்க எந்தச் செடியாலும் முடியாது. பெரும்பாலான செடிகளைப்போல அதுவும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. இத்தனை அருமையான பலூன்களை இலையில் வைத்திருக்கும் செடிக்கு இந்தப் பொய்ப்புகழ் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.)

இனி நித்தியகல்யாணி. சொந்த ஊர் மடகாஸ்கர், அரளிக் குடும்பம். காம்பைக் கிள்ளினால் பால் கசியும். இந்தச் செடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது நைட்ரஜன் கொண்ட செடி வேதிப்பொருள்கள், உருவாகின்றன. எனக்கு அவற்றின் எண்ணிக்கையைவிட, அவை உருவாகும் இடங்கள்தான் ஆச்சரியம்.

ஒரே செல்லுக்குள் தொடங்கி முடிகிற வேலை இல்லை இது. முதல் சில படிகள் இலை நரம்பில், உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயத்தை ஒட்டிய செல்களில் நடக்கின்றன. பாதி செய்த சரக்கு அங்கிருந்து கிளம்பிப் புறத்தோல் செல்களுக்குப் போகிறது. அங்கே செக்கோலோகானின் என்ற ஒன்றும் டிரிப்டமைன் என்ற ஒன்றும் இணைந்து ஸ்ட்ரிக்டோசிடின் ஆகிறது. இந்த இணைப்பு நடக்கும் இடம் வாக்குவோல், அதாவது பாடநூலில் நுண்குமிழ் என்று படித்த அந்தப் பை.

ஸ்ட்ரிக்டோசிடினின் முதுகில் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. பூட்டு மாதிரி. அது இருக்கும்வரை மூலக்கூறு சாது. அதைக் கழற்றும் நொதியைச் செடி எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தபோது, உட்கருவில் இருந்தது! டி.என்.ஏ. இருக்கிற அறையில் போய்ப் பூட்டைத் திறக்கும் சாவியை வைத்திருக்கிறது. சாதாரண நாட்களில் ஸ்ட்ரிக்டோசிடின் கொஞ்சங்கொஞ்சமாகப் பையிலிருந்து வெளியேறி, பூட்டுக் கழன்று, அடுத்த படிகளுக்குப் போகும். ஒரு புழு வந்து இலையைக் கடிக்கட்டும். பையும் கிழிகிறது, உட்கருவும் கிழிகிறது, இரண்டும் ஒன்றாகக் கலக்கின்றன. பூட்டுக் கழன்ற மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் ஏராளமாகப் பிறந்து, அருகிலிருக்கும் புரதங்களை ஒன்றோடொன்று கொக்கிபோட்டுத் திரள வைத்துவிடும். இதை விவரித்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் “உட்கரு வெடிகுண்டு” என்றே அழைத்தார்கள். வெங்காயம் நறுக்கும்போது கண் எரிவதும் இந்த வகைத் தந்திரம்தான்: பிரித்து வைத்த இரண்டு பொருள்கள் கத்தி பட்டதும் சந்திக்கின்றன. ஆனால் சாவியை உட்கருவுக்குள் வைக்கும் துணிச்சல் வெங்காயத்துக்கு இல்லை.

குண்டாக வெடிக்காமல் அமைதியாக நகரும் சரக்கு இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளையின் முடிவில் கதாரந்தின், மற்றதன் முடிவில் வின்டோலின். கதாரந்தினைப் புறத்தோல் செல்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. பம்ப் மாதிரியான ஒரு புரதத்தைக் கொண்டு இலையின் மேற்பரப்பு மெழுகுக்குள் தள்ளிவிடுகின்றன. பூஞ்சையோ பூச்சியோ இலைமேல் இறங்கியதும் முதலில் அதைத்தான் சந்திக்கும். வின்டோலினுக்கான கடைசிப் படிகளோ இலையின் உள்ளே, பால் ஓடும் செல்களிலும் அங்கங்கே தனித்து நிற்கும் சில செல்களிலும் நடந்து, அது அங்கேயே தங்கிவிடுகிறது.

கதாரந்தினும் வின்டோலினும் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின். ஒன்று வெளியில், ஒன்று உள்ளே. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பதன் ரகசியம் இதுதான். துணுக்குகள் இரண்டும் இலையில் தாராளமாக இருக்கின்றன, சந்திப்புதான் அரிது. அதனால்தான் தொழிற்சாலையில் இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுத்து, வேதிமுறையில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

உடலுக்குள் இந்த மருந்து செய்வது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்கும் கயிறுகள் நுண்குழல்கள். அவை டியூபுலின் என்ற புரதத் துண்டுகளை அடுக்கிக் கட்டியவை. வின்பிளாஸ்டின் துண்டுகளுக்கு நடுவில் ஆப்பு மாதிரி செருகிக்கொள்ளும். கயிறு நேராக வளராமல் சுருண்டுபோகும், பிரிவு பாதியில் நிற்கும். வேகமாகப் பிரியும் புற்றுச் செல்லுக்கு இது மரணம். எலும்பு மஜ்ஜைச் செல்லும் வேகமாகப் பிரிவதுதான், அதற்கும் அடி. நீளமான நரம்புச் செல்கள் சரக்கு அனுப்புவதற்கு இதே குழல்களை நம்பியிருப்பதால், வின்கிரிஸ்டின் எடுப்பவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது. இத்தனைக்கும் வின்பிளாஸ்டினுக்கும் வின்கிரிஸ்டினுக்கும் வித்தியாசம், ஒரு நைட்ரஜனில் மீதைல் என்ற சிறு அணுத்தொகுதிக்குப் பதில் ஃபார்மைல் என்ற இன்னொன்று இருப்பது மட்டுமே.

இந்த மருந்தை யாரும் தேடிப் போகவில்லை. 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி கனடாவிலிருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஓர் உறையில் 25 இலைகளை அனுப்பினார். ஜமைக்காவில் இந்த நித்தியகல்யாணி இலையில் டீ போட்டுச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள் என்று குறிப்பு. கிளார்க் அதை வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்துகொண்டிருந்த தம்பி ராபர்ட்டிடம் கொடுத்தார். வாய்வழி கொடுத்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றிய எலிகளோ சில நாட்களில் தொற்று வந்து செத்தன. தோல்வி என்று கோப்பை மூடியிருக்கலாம். எலிகள் ஏன் தொற்றில் செத்தன என்று ராபர்ட் நோபிள் கேட்டார். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுவைச் சரிக்கும் பொருள், வெள்ளணு மிதமிஞ்சிப் பெருகும் நோய்க்கு உதவாதா? வேதியியலாளர் சார்ல்ஸ் பீருடன் சேர்ந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்.

இன்று ஆய்வுக்குப் பணம் கேட்கும் எந்தப் படிவத்திலும் “எதிர்பார்க்கும் பயன்” என்று ஒரு கட்டம் இருக்கும். ராபர்ட் நோபிள் அதில் சர்க்கரை நோய் என்றுதான் எழுதியிருக்க முடியும்; ஆண்டறுதியில் இலக்கை எட்டவில்லை என்று யாராவது சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்கள். செத்த எலியைப் பற்றி யோசிக்கவும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

வாசகருக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை குறையும் என்று யாராவது நித்தியகல்யாணி இலையை மெல்லச் சொன்னால் கேட்காதீர்கள். மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும்போதே மஜ்ஜையைப் பதம்பார்க்கும் சரக்கு அது. எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று நாக்கு சொல்லாது. துளசியைத் தடவி முகர்ந்துகொள்ளுங்கள், தாராளமாக.

500 கிலோ இலைக் கணக்கைத் தாண்டிப் போக 2022இல் ஒரு வழி கிடைத்தது. செடியின் நொதிகளை ஈஸ்டுக்குள் புகுத்தி, ஈஸ்டின் மரபணுக்களில் 56 திருத்தங்கள் செய்து, 30 நொதிப் படிகளைத் தாண்டி, கதாரந்தினையும் வின்டோலினையும் தொட்டியில் வளர்த்தெடுத்தார்கள். இங்கே நரம்பு இல்லை, புறத்தோல் இல்லை, மெழுகும் இல்லை. அப்படியும் கடைசி இணைப்பு ஈஸ்டுக்குள் நடக்கவில்லை. இரண்டையும் வெளியே எடுத்து, குடுவையில் ஊற்றித்தான் சேர்த்தார்கள்.