தொகுதி: ஹௌட்டன் காட்டும் இரண்டு பொருள்

'கான்ஸ்டிட்யுவன்சி' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'தொகுதி' என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலப்பரப்பு ஒன்று. அவர் யாருடைய சார்பில் பேசுகிறாரோ அந்த மக்கள் இன்னொன்று. நிறுவுதல், அமர்த்துதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. தன் சார்பில் ஒருவரை அமர்த்துபவர் 'கான்ஸ்டிட்யுவன்ட்'. அப்படி அமர்த்துபவர்களின் திரளுக்கு 'கான்ஸ்டிட்யுவன்சி' என்ற பெயர் 1830களை ஒட்டி, பிரிட்டனில் தேர்தல் சீர்திருத்தம் சூடுபிடித்திருந்த காலத்தில் பரவியது.

தமிழில் தகு, தகுதி ஆனதுபோல, மிகு, மிகுதி ஆனதுபோல, தொகு என்ற வினை தொகுதி ஆயிற்று. ஒன்றாகச் சேர்த்தது, திரட்டியது என்பதே அடிப்படைப் பொருள். பழைய நிகண்டுகளில் 'தெய்வப்பெயர்த் தொகுதி', 'மக்கட்பெயர்த் தொகுதி' என்று பிரிவுகளுக்கே இந்தப் பெயர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஆப்பிரிக்கான்ஸ் மொழி நேர் எதிர்த் திசையில் போகிறது. அதில் தொகுதிக்கு 'கீஸ்அஃப்டேலிங்' என்று பெயர். 'கீஸ்' என்றால் தேர்ந்தெடுப்பது, 'அஃப்டேலிங்' என்றால் பிரிவு. நாம் தொகுக்கிறோம், அவர்கள் பகுக்கிறார்கள்.

இந்த இரண்டு பொருளும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரின் ஹௌட்டன் தொகுதியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நகரின் வடக்கே மரங்கள் அடர்ந்த பணக்காரப் பகுதி அது. அந்த வீடுகளில் சமைத்தும் தோட்டம் பார்த்தும் கொல்லைப்புற அறைகளில் வாழ்ந்த கறுப்பின மக்கள் தொகுதியின் எல்லைக்குள்தான் இருந்தார்கள், ஆனால் வாக்காளர் பட்டியலில் இல்லை. கேப் மாகாணத்தில் கறுப்பினத்தவர் சிலருக்காவது 1936 வரை பொது வாக்காளர் பட்டியலில் இடம் இருந்தது. ஹௌட்டன் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தில் அதுவும் இல்லை.

1953இல் இங்கிருந்து ஐக்கியக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் போனவர் ஹெலன் சுஸ்மன். 1959இல் அவரும் சக உறுப்பினர்கள் சிலரும் அந்தக் கட்சியிலிருந்து பிரிந்து முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். 1961 பொதுத்தேர்தலில் அவர்களில் ஜெயித்தவர் சுஸ்மன் ஒருவர்தான், அதுவும் 564 வாக்கு வித்தியாசத்தில். 1966இலும் 711 வாக்குதான் வித்தியாசம். 1974இல் அந்தக் கட்சிக்கு மேலும் சிலர் கிடைக்கும்வரை, 13 ஆண்டுகள் அவர் ஒற்றை ஆள். விசாரணையின்றி 90 நாள் காவலில் வைக்க வழிசெய்த 1963 சட்டத்தை எதிர்த்து அந்த அவையில் விழுந்தது அவருடைய ஒரே வாக்கு. 1967இல் ராபன் தீவுச் சிறைக்குப் போய் நெல்சன் மண்டேலாவைச் சந்தித்தார்.

கைதிகளும், தடையுத்தரவில் இருந்தவர்களும், கறுப்பினத்தவர் நடமாட அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கிய பாஸ் சட்டத்தால் அலைக்கழிக்கப்பட்டவர்களும் நாடு முழுவதிலிருந்தும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் யாருக்கும் ஹௌட்டனில் வாக்கு கிடையாது. அவரை அனுப்பியது சில ஆயிரம் வெள்ளை வாக்காளர்கள், அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் வேறு. முதல் பொருளில் அவருடைய தொகுதி ஒரு புறநகர், இரண்டாவது பொருளில் அது கிட்டத்தட்ட முழு நாடு. அதற்காக அந்த வாக்காளர்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எதிர்ப்புக் குரல் ஒன்று அவையில் இருக்கட்டும் என்று மெல்லிய வித்தியாசத்திலாவது திரும்பத் திரும்ப முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

சுஸ்மன் 1989இல் ஓய்வுபெற்றார். அவருக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் டோனி லியோன் ஹௌட்டனில் வென்றார். 1994இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. கூடவே நாடாளுமன்றத் தேர்தலில் தொகுதி என்ற ஏற்பாடே நீங்கியது. 2019 தேர்தல் வரை 400 இடங்களும் கட்சிப் பட்டியல்படி, வாக்கு விகிதத்தில் நிரம்பின. கட்சிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஊர் பிரித்துக் கொடுத்து 'தொகுதி அலுவலகம்' நடத்தச் சொல்கின்றன, ஆனால் அந்த ஊரார் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்று சொல்ல முடியாது. இங்கே முதல் பொருள் போய், இரண்டாவது பொருள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? 1994க்கு முந்திய ஹௌட்டனுக்கு 'நாடாளுமன்றத் தொகுதி' பொருத்தம். ஆட்களைக் குறிக்கும்போது வெறும் 'தொகுதி' போதாது. வாக்குள்ளவர்களைச் சொல்ல 'தொகுதி வாக்காளர்கள்' என்றும், அங்கே வாழும் அனைவரையும் சொல்ல 'தொகுதி மக்கள்' என்றும் பிரித்து எழுத வேண்டும். ஹௌட்டன் விஷயத்தில் இரண்டையும் கலப்பது வரலாற்றையே மாற்றிவிடும். 'தனித்தொகுதி' என்றும் எழுத வேண்டாம். இந்தியாவில் அது ஒதுக்கீட்டுத் தொகுதி, சிங்கப்பூரில் ஓர் உறுப்பினர் தொகுதி. 'ஓர் உறுப்பினர் தொகுதி' என்றே விரித்து எழுதினால் குழப்பம் இல்லை.

அப்புறம் ஒன்று. சுயேச்சைகளும் போட்டியிட வழிவேண்டும் என்று 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, 2024 தேர்தலில் அவர்கள் மாகாண அளவிலான 200 இடங்களுக்கு நின்றார்கள். அந்த ஒன்பது மாகாணப் பரப்புகளைச் செய்திகளில் 'தொகுதி' என்று எழுதினால் வாசகர் நம் ஊர் ஏற்பாட்டை நினைத்துக்கொள்வார். 'மாகாணப் பட்டியல்' என்பதே சரி.