தாங்குதிறன்: ‘டாலரன்ஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

‘மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சு, இப்பல்லாம் கேக்கறதில்ல’ என்கிறோமே, அதுதான் மருத்துவத்தில் டாலரன்ஸ். தாங்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். சிலர் ‘சகிப்புத்தன்மை’ என்று எழுதுகிறார்கள். அது மனத்தின் குணம். இங்கே நடப்பதோ செல்லுக்குள். ‘பழக்கம்’ என்றால் போதைப் பழக்கத்தோடு குழம்பும். ‘தாங்குதிறன்’தான் சரி.

அபினிலிருந்து எடுக்கப்படும் வலிமருந்தான மார்ஃபினைப் பார்ப்போம். அது வலியைக் குறைப்பது முக்கியமாக மியூ ஓபியாய்டு ஏற்பி வழியாக. ஏற்பி என்பது மருந்து வந்து ஒட்டும் செல்லின் புரதம். (அபின், ஓபியம் இரண்டுக்கும் வேர் ஒன்றே: சாறு எனப் பொருள்தரும் கிரேக்கச் சொல். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால் அது.) இந்த ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973இல் உறுதியானது. அவை கசகசாவுக்காகக் காத்திருந்தவை அல்ல. அவற்றில் ஒட்டுவதற்கு உடலே சுரக்கும் என்கெஃபலின் என்ற பொருள் 1975இல் கண்டறியப்பட்டது.

மார்ஃபின் ஒட்டியதும் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் மூலக்கூறின் உற்பத்தி குறைகிறது, நரம்புசெல் அடங்குகிறது. மருந்து தினமும் வந்தால், ஏற்பியில் பாஸ்பேட் ஏறி, அரெஸ்டின் என்னும் புரதம் வந்து மறிக்கிறது. சில ஏற்பிகள் செல்லுக்குள்ளே இழுக்கப்படுகின்றன. அடங்கிக் கிடந்த உற்பத்தியையும் செல் மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போவது இதனால்தான். அந்த நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அந்த உற்பத்தி தடையில்லாமல் எகிறும்: மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. மருந்து இல்லாவிட்டால் உடல் இப்படித் தவிக்கும் நிலைக்குப் பெயர் ‘சார்பு’.

‘அடிமையாதல்’ வேறு. ‘அடிக்ஷன்’ என்பதன் வேர் ரோமானியச் சட்டத்தில் இருக்கிறது. கடனைக் கட்டாதவனைக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பதைக் குறித்த சொல். கேடு தெரிந்தும் விடமுடியாமல் தேடி ஓடும் நிலை இது. மூளையில் இன்பத்தைத் தேடவைக்கும் டோபமின் பாதையும் கற்றலும் இதில் சேர்கின்றன. புற்றுநோய் வலிக்கு மாதக்கணக்கில் மார்ஃபின் எடுப்பவருக்குத் தாங்குதிறனும் சார்பும் வரலாம். அதனால் அவர் அடிமை ஆகிவிடுவதில்லை. அப்படி நினைத்து அளவைக் குறைத்தால் அவருக்கு மிஞ்சுவது வலிதான்.

தாங்குதிறன் எல்லா விளைவுக்கும் ஒரே சீராக வருவதில்லை. மலச்சிக்கலுக்கு அநேகமாக வருவதே இல்லை. மார்ஃபின் உள்ளவரை மலமிளக்கியும் வேண்டும். மூச்சு அடங்குவதற்கு எதிரான தாங்குதிறன், கிறக்கத்துக்கு வருவதைவிட மெதுவாகவே வளர்கிறது. கிறக்கம் போதவில்லை என்று அளவைக் கூட்டுபவருக்கு ஆபத்து அங்கேதான். சில வாரம் நிறுத்தியிருந்தவருக்கு அந்தத் தாங்குதிறனும் வடிந்துவிடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். நலாக்ஸோன் என்னும் மாற்றுமருந்து ஏற்பியிலிருந்து மார்ஃபினை விலக்கி மூச்சை மீட்கும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். உடலில் தங்கிய மார்ஃபின் மீண்டும் ஏற்பியில் அமரும். கண்விழித்துவிட்டார் என்று தனியே விட்டுப் போகக் கூடாது; உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.