ஃபிளாஷும் ஒரு பழைய வேட்டியும்

பாட்டியின் 80வது பிறந்தநாளுக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நெற்றியில் வியர்வை வெள்ளைத் திட்டாக மின்னுகிறது. மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு கிழித்தாற்போல் விழுந்திருக்கிறது. பின்சுவரில் கறுப்பாக இன்னொரு பாட்டி.

வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையில் வெளிச்சம் வரும் இடம் ரொம்பச் சிறியது. உச்சி வெயிலை நினைத்துப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய 14 லட்சம் கி.மீ. அகலம்; ஆனால் 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதால் நம் கண்ணுக்கு அரை டிகிரிதான். அதனால் நிழல் கூர்மையாக விழுகிறது. மேகம் மூடினால் வானம் முழுக்க விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துவிடுகிறது.

ஃபிளாஷின் முகப்பு 5 செ.மீ. அகலம், ஆள் ஒன்றரை மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூக்கு கன்னத்திலிருந்து 2 செ.மீ. எடுப்பாக இருந்தால், அதன் நிழலின் ஓரம் கறுப்பிலிருந்து வெளிச்சத்துக்கு மாற எடுத்துக்கொள்ளும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே இடத்தில் 1 மீட்டர் அகலத்துக்கு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, பின்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அந்தத் தூரம் 13 மில்லிமீட்டராகிறது. நிழல் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

ஃபிளாஷ் மேலேயே டிஷ்யூ பேப்பரை ஒட்டுவது பலரும் செய்வது. விளக்கின் அளவு அப்படியேதான் இருக்கிறது, வெளிச்சம்தான் குறைகிறது. சின்ன வெள்ளை அறையில் மட்டும் கொஞ்சம் பலன் உண்டு. சிதறிய ஒளி சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். வேட்டியிலும் ஒளிரும் இடத்தின் அளவைக் கவனிக்க வேண்டும். ஃபிளாஷைத் துணியோடு ஒட்டி வைத்தால் சின்ன வட்டம்தான் ஒளிரும். ஒரு மீட்டராவது பின்னால் தள்ளி வையுங்கள், துணி முழுக்க ஒளிரும்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்ற முடியாதா? ஃபிளாஷின் தலையைத் திருப்ப முடிந்தால் வெள்ளைக் கூரையைப் பார்த்து அடியுங்கள். ஒளி போய்வரும் தூரம் இரண்டு மடங்கானால் கிடைப்பது கால் பங்கு, அதனால் கேமராவின் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டும். மேலிருந்து மட்டும் வரும் ஒளியில் கண்குழி இருண்டுபோகும். ஃபிளாஷ் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தினால் கொஞ்சம் ஒளி முன்னாலும் வரும். பச்சைச் சுவர் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், முகமும் பச்சையாகிவிடும்.

அப்புறம் ஒரு பொங்கலன்று பாட்டியை மறுபடி உட்காரவைத்தேன். ஒரு பக்கம் வேட்டி, மறுபக்கம் ஒளியைத் திருப்பி அனுப்ப ஒரு தெர்மாகோல் அட்டை. முகச்சுருக்கங்கள் ஒவ்வொன்றும் மென்மையாகத் தெரிந்தன. மூக்குத்தியின் மினுக்கம்தான் குறைந்துபோனது. கல் மின்ன வேண்டுமென்றால் சின்ன விளக்குதான் வேண்டும். நகையை மட்டும் எடுக்கும்போது துணி இல்லாமல் நேரடியாகவே அடிக்கிறேன்.