அறிக்கை விடும் முன் கையில் என்ன பிடி இருக்கிறது? வெளிநாட்டுப் போராட்டங்களும் தலைவர்களின் தலையீடும்

பக்கத்து நாட்டில் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தால் நம்மிடையே முதலில் கிளம்பும் கேள்வி, "நம்ம தலைவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்பதுதான். திறந்துவிட்டால், "அடுத்த வீட்டு விவகாரத்தில் இவருக்கு என்ன வேலை?" என்பது அடுத்த கேள்வி. தலையிடலாமா கூடாதா என்று பட்டிமன்றம் வைப்பதைவிட, பேசுகிறவர் கையில் எதிர்த்தரப்பு இழக்க அஞ்சும் ஏதாவது ஒன்று, அதாவது ஒரு பிடி, இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். இருந்தால் தலையிடலாம், பெரும்பாலும் சத்தமில்லாமல். இல்லாதபோது விடும் ஆவேச அறிக்கை, தெருவில் நிற்பவன் முதுகில்தான் லத்தியாக இறங்கும்.

சட்டத்தில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். "உள்நாட்டு விவகாரம்" என்று ஓர் அரசு சொன்னவுடன், வெளியிலிருந்து யார் பேசினாலும் அது சட்டமீறல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவு ஐ.நா. அமைப்பின் கையைக் கட்டுகிறது. 2(4) பிரிவு நாடுகள் ஒன்றின் மீது ஒன்று படைபலம் காட்டுவதைத் தடுக்கிறது. 1986-இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் வைத்த அளவுகோல் 'கட்டாயப்படுத்துதல்'. ஒரு நாடு தானே முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் இன்னொரு நாடு அதை வற்புறுத்திப் பணிய வைத்தால்தான் அது தடைசெய்யப்பட்ட தலையீடு. கலகக் குழுவுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுப்பது அதில் சேரும், கவலை தெரிவிப்பதும் கேள்வி கேட்பதும் சேராது. அமைதியாகக் கூடும் உரிமையோ குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவில் இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட நாட்டை, கையெழுத்திட்ட இன்னொரு நாடு கேள்வி கேட்பதில் தவறே இல்லை. தூதர்களுக்கு மட்டும் கூடுதல் கடிவாளம் உண்டு: தாங்கள் பணியாற்றும் நாட்டின் உள் விவகாரங்களில் அவர்கள் தலையிடக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. தூதர் போராட்ட மேடை ஏறிவிட்டால், மறுநாள் அரசு அதையே காரணம் காட்டிப் போராட்டத்தை 'அந்நியச் சதி' என்று முத்திரை குத்திவிடும்.

போராட்டம் வன்முறையாக மாறிவிட்டால் எல்லாம் போய்விடுமா? போகாது. கூட்டத்தில் சிலர் கல்லெறிந்ததால் மற்றவர்களின் கூடும் உரிமை அற்றுப்போவதில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் வெளியிட்ட 37-ஆம் பொதுக் கருத்துரை சொல்கிறது. துப்பாக்கிச் சூடு பற்றிய 1990-ஆம் ஆண்டின் ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் இன்னும் கறார். உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டுமே, உயிர் போகும் என்று தெரிந்து சுடலாம். கடை எரிகிறது, பேருந்து எரிகிறது என்பது சுட்டுக் கொல்வதற்குக் காரணமாகாது.

ஆகவே அறிக்கை எழுதுகிறவருக்கு நாங்கள் சொல்வது, கோரிக்கையை நான்கு விஷயங்களோடு நிறுத்துங்கள் என்பதுதான். உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் தோட்டா வேண்டாம். இணையத்தைத் திறந்துவிடுங்கள். ஆம்புலன்ஸை மறிக்காதீர்கள். பிடித்துவைத்தவர்களின் பட்டியலை வெளியிடுங்கள். யார் ஆள வேண்டும், யார் போக வேண்டும் என்ற ஒரு சொல் உள்ளே வந்தாலும் இந்த நான்கும் செல்லாக்காசு. போராட்டக்காரர்கள் காவலர்களை அடித்துக் கொன்றிருந்தால் அதையும் அதே அறிக்கையில் கண்டிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதும் அறிக்கை எதிர்முனையில் ஒரு பத்தியைத் தாண்டிப் படிக்கப்படுவதில்லை.

பிடி இல்லாத பேச்சுக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் 2020-இல் நடந்தது. டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தபோது, நவம்பர் 30 அன்று குருநானக் ஜெயந்தி வாழ்த்துச் செய்தியில் கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ கவலை தெரிவித்தார். டிசம்பர் 4 அன்று கனடா ஹைகமிஷனரை டெல்லி அழைத்துக் கண்டித்தது. விவசாயிகளுக்கு இதனால் எதுவும் கிடைக்கவில்லை, அந்நியக் கை என்ற பேச்சுக்கு ஒரு சாட்சி கிடைத்ததுதான் மிச்சம். விவசாயிகள் கேட்ட குறைந்தபட்ச ஆதரவு விலையை உலக வர்த்தக அமைப்பில் கேள்விக்குள்ளாக்கிய நாடுகளில் கனடாவும் ஒன்று என்பதை எடுத்துக்காட்ட இங்கே பலர் காத்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் கனடா தலைநகர் ஒட்டாவாவில் லாரி ஓட்டுநர்கள் தெருவை அடைத்தபோது அதே ட்ரூடோ அவசரநிலைச் சட்டத்தை எடுத்தார். பேசும் தலைவரின் சொந்த ஊர்க் கணக்கை எதிர்த்தரப்பு எப்போதும் கையில் வைத்திருக்கும்.

பிடி இருந்தால் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2024 ஜூலையின் வங்கதேசத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

1971 விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீத ஒதுக்கீட்டை அந்த ஆண்டு ஜூன் 5 அன்று டாக்கா உயர் நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தெருவில். 16-ஆம் தேதி உயிர்கள் போகத் தொடங்கின. 18 இரவு இணையம் முழுதாக நின்றது. 19 இரவு ஊரடங்கும் ராணுவமும் வந்தன. 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை 5 சதவீதமாகக் குறைத்தபோது, கோரிக்கை ஒதுக்கீட்டைத் தாண்டிப் போயிருந்தது. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா பதவியை விட்டு இந்தியா வந்து இறங்கினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம், அவர்களில் 12 முதல் 13 சதவீதம் பேர் குழந்தைகள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் கணக்கிட்டது. தங்கள் ஆட்களில் 44 பேர் கொல்லப்பட்டதாகக் காவல்துறை சொன்னதையும், ஆட்சி விழுந்தபின் ஹசீனாவின் அவாமி லீக் கட்சி ஆதரவாளர்கள் மீதும் இந்துக்கள் மீதும் நடந்த தாக்குதல்களையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

இதில் வெளியிலிருந்து யாரிடம் பிடி இருந்தது? கண்டன அறிக்கை விட்ட தலைநகரங்களிடம் பெரிதாக இல்லை. ஐ.நா.விடம் இருந்தது. அமைதிப்படைக்கு அதிகமாக ஆள் அனுப்பும் நாடுகளில் வங்கதேசம் ஒன்று. ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. அந்த நாட்டு அரசுக்குத் தருகிறது, கொண்டுபோகும் வண்டிக்கும் தளவாடத்துக்கும் தனிக் கணக்கு. ஒரு முறை அமைதிப்படைக்குப் போய்வந்தால் ஊரில் வீடு கட்டலாம் என்பது சாதாரணச் சிப்பாயின் கனவு. அதனால் அந்த வாசல் மூடப்படும் என்ற பேச்சு, தளபதி முதல் கடைநிலைச் சிப்பாய் வரை எல்லாருக்கும் உறைக்கும்.

ராணுவம் இதில் இறங்கினால் இனி அமைதிப்படைக்கு ஆள் அனுப்ப முடியாமல் போகலாம் என்று எச்சரித்தோம், அதன்பின் மாற்றம் தெரிந்தது என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் 2025 மார்ச்சில் பிபிசி பேட்டியில் சொன்னார். அப்படி நேரடியாக எந்தச் செய்தியும் தங்களுக்கு வரவில்லை என்று வங்கதேச ராணுவம் மறுத்தது. இரண்டில் எதை நம்பினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த எச்சரிக்கை பற்றிய பேச்சு வெளியே வந்தது ஏழு மாதம் கழித்துத்தான். அன்றே மைக் முன்னால் சொல்லியிருந்தால் தளபதிகளுக்குப் பின்வாங்க இடமே இருந்திருக்காது.

அந்த வாரத்தில் இன்னொரு சின்ன விஷயமும் நடந்தது. டாக்கா தெருக்களில் 'யுஎன்' என்று எழுதிய வெள்ளைக் கவச வண்டிகள் ஓடின. ஐ.நா. பணிக்கு வாடகைக்குப் போய்வந்த வண்டி, எழுத்தை அழிக்காமல் விட்டுவிட்டோம் என்று அரசு தரப்பில் விளக்கம் வந்தது. அந்த எழுத்து ஐ.நா. பணியில் இருக்கும்போது மட்டுமே இருக்க வேண்டும் என்று ஐ.நா. செய்தித் தொடர்பாளர் உடனே சுட்டிக்காட்டினார். கண்டனத்தை விட இப்படிக் குறிப்பாகக் கேட்கும் ஒரு கேள்விக்குத்தான் அரசுகள் வேகமாகப் பதில் சொல்கின்றன.

ஆனால் இந்தப் பிடி ஒரு கத்தி. 2007 ஜனவரி 11 அன்று இதே டாக்காவில், தேர்தல் கலவரத்தின்போது ராணுவத்துக்கு இதே அமைதிப்படை எச்சரிக்கை போனது. விளைவு அவசரநிலையும், ராணுவ ஆதரவில் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடிய காபந்து ஆட்சியும். சுடாதே என்று சொல்லப் பயன்படும் நெம்புகோல், ஆட்சியைக் கவிழ்க்கவும் கை கொடுத்துவிடும். என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பேச்சுவார்த்தைத் தலையீட்டுக்கு இன்றுவரை நல்ல பாடம் கென்யா. 2007 டிசம்பர் 30 மாலை, அதிபர் தேர்தலில் முவாய் கிபாக்கி வென்றதாக அறிவித்து, அன்று மாலையே பதவியேற்பும் முடிந்தது. ஊர் பற்றி எரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அமெரிக்க வெளியுறவுத் துறை அவசரப்பட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியது. எண்ணிக்கை சர்ச்சையில் இருக்கும்போது வாழ்த்துத் தந்தி அனுப்புவதைப் போலக் கெடுதலான தலையீடு குறைவு. ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவராக இருந்த கானா அதிபர் ஜான் குஃபுவோர் வந்தும் முடியவில்லை. ஜனவரி 22 அன்று ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அனான் நைரோபியில் இறங்கினார். கூடவே தான்சானியாவின் முன்னாள் அதிபர் பெஞ்சமின் எம்காப்பா, மொசாம்பிக்கின் முன்னாள் அமைச்சர் கிராசா மஷேல். அனான் பிடிவாதமாக வைத்த நிபந்தனை, பஞ்சாயத்து ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது. ஒரு மத்தியஸ்தர் சொன்னது பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் ஓடும் வழி இரு தரப்புக்கும் அடைபட்டது. வாஷிங்டன் தன் பங்குக்கு, முட்டுக்கட்டை போடும் அரசியல்வாதிகளுக்கு விசா கிடையாது என்று பெயர் குறித்துக் கடிதம் அனுப்பியது. பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கும் குடும்பங்களுக்கு அதன் கனம் தெரியும். கடைசியில் அனான் பெரிய குழுவை ஒதுக்கிவிட்டு கிபாக்கியையும் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவையும் நேரடியாக உட்கார வைத்தார். அதிபரும் பிரதமரும் எப்படி அதிகாரத்தைப் பகிர்வது என்று பக்கத்து நாடான தான்சானியாவின் அன்றைய அதிபர் ஜகாயா கிக்வெட்டே விளக்கினார். பிப்ரவரி 28 அன்று கையெழுத்து. அனான் இறங்கிய நாளையும் சேர்த்து 38 நாள்.

ராணுவத் தலையீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அதை நம்பியவர்கள்தான் விலை கொடுத்தார்கள். 1991 பிப்ரவரி 15 அன்று, இராக் ராணுவமும் மக்களும் தாங்களே முன்வந்து சதாமை விலக வைக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் புஷ் (மூத்தவர்) பேசினார். மக்கள் நம்பி எழுந்தார்கள். மார்ச் 3 அன்று இராக்கின் சஃப்வானில் வளைகுடாப் போரின் போர்நிறுத்த விதிகள் பேசியபோது, பாலங்கள் உடைந்துவிட்டதால் ஹெலிகாப்டர் மட்டும் பறக்கட்டும் என்று இராக் தரப்பு கேட்டது, அமெரிக்கத் தளபதி தலையாட்டினார். அதே ஹெலிகாப்டர்கள் பாஸ்ரா, நஜாஃப், கர்பலா மீது திரும்பின. உசுப்பிவிட்டவர் வரவில்லை. 2011 மார்ச் 17 அன்று லிபியாவுக்கான 1973-ஆம் தீர்மானம் பாதுகாப்பு கவுன்சிலில் நிறைவேறியது. ஆதரவு 10, வாக்களிக்காமல் விலகியவை இந்தியா உட்பட 5. பொதுமக்களைக் காப்பது என்று தொடங்கியது ஆட்சி மாற்றத்தில் முடிந்தது. ஏமாந்துவிட்டோம் என்று சொன்ன ரஷ்யாவும் சீனாவும் அந்த அக்டோபரிலேயே சிரியா தீர்மானத்தை வீட்டோவால் வீழ்த்தின. லிபியாவின் பில்லைச் சிரியாக்காரர்கள் கட்டினார்கள்.

சிறிய கருவிகளை யாரும் மதிப்பதில்லை, அவைதான் உடனே கைக்கு வருபவை. 2019 ஜூனில், ஹாங்காங் போலீசுக்குக் கூட்டத்தைக் கலைக்கும் தளவாடங்கள் ஏற்றுமதி செய்யும் புதிய உரிமங்களை பிரிட்டன் நிறுத்தியது. ஓர் அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னால் போதும். கண்டிக்கிற நாடே கண்ணீர்ப்புகைக் குண்டையும் விற்றுக்கொண்டிருப்பது நாம் நினைப்பதை விட அதிகம், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் உறுப்பினர்கள் 47. அதில் 16 பேர் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். 2022 நவம்பர் 24 அன்று, ஈரானில் போராட்டக்காரர்கள் ஒடுக்கப்பட்டது பற்றி அப்படிக் கூடி, 25-க்கு 6 என்று உண்மை கண்டறியும் குழு அமைத்தார்கள். இந்தியா உட்பட 16 நாடுகள் விலகி நின்றன. இது அன்றிரவு அடி வாங்குகிறவனைக் காப்பாற்றாது. பத்து வருடம் கழித்து நடக்கும் வழக்குக்குக் கோப்பு தயாராகும், அவ்வளவுதான்.

மாநிலத் தலைவர்கள் விஷயம் தனி. 2024 ஜூலை 21 அன்று கொல்கத்தா கூட்டத்தில், வங்கதேசத்திலிருந்து கதி இல்லாமல் வருகிறவர்களுக்கு இடம் கொடுப்போம் என்று மம்தா பானர்ஜி பேசினார். டாக்கா எதிர்ப்புக் குறிப்பு அனுப்பியது. ஏழாம் அட்டவணையின் முதல் பட்டியலில் பத்தாவது வரிசையைக் காட்டி, வெளியுறவு ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரியது என்றது டெல்லி. எண்ணம் நல்லதாக இருக்கலாம், வழி தவறு. 2022-இல் இலங்கை நெருக்கடியின்போது தமிழ்நாடு போன வழி வேறு. சட்டப்பேரவையில் தீர்மானம், ஒன்றிய அரசின் அனுமதி, பிறகு மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடும் பால் பவுடர், மருந்துகளோடும் முதல் கப்பல். கொழும்புத் தெருவில் யார் சரி என்று ஒரு வார்த்தை அந்த உதவியில் ஒட்டவில்லை. சரக்கு தடையில்லாமல் இறங்கியது.

வெளிநாட்டில் சொந்தமோ நண்பரோ கலவரத்தில் சிக்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. உங்களுக்கு வரும் வீடியோக்கள் பின்னாளில் சாட்சியம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், எங்கே எப்போது எடுத்தது என்ற தகவலும் உதிர்ந்துவிடும். 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், மூலக் கோப்பை எடுத்தவர் அழிக்காமல் வேறு ஓரிடத்தில் வைத்திருக்கட்டும். வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். தெருப் பலகையோ மசூதிக் கோபுரமோ தெரியும் நொடிகள்தான் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும். முகம் தெரியும் காட்சியை ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். அதை முதலில் பார்ப்பது அங்குள்ள உளவுத் துறையாக இருக்கலாம்.