மணற்காட்டில் பொம்பிளையை நிறுத்துவதற்கு முன்

ஆவணி பிறந்தால் கல்யாண வீட்டுக்காரர் படப்பிடிப்பாளனான என்னிடம் கேட்கிற முதல் இடம் யாழ்ப்பாணத்து மணற்காடுதான். வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை லீவில் வருகிற பிள்ளைகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இதே மாதிரி மணல்மேட்டில நிண்டு சேலைத் தலைப்பு காத்தில பறக்கவேணும்" என்பார்கள். ஆசை நியாயமானதுதான். வடமராட்சி கிழக்கின் அந்த மணல் திட்டிகள், சவுக்கந்தோப்பு, மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோவில், இதெல்லாம் கமராவுக்குக் கிடைத்த வரம். ஆனால் அந்த இடத்தைத் தாங்கவேண்டியது கமரா இல்லை, கல்யாணப் பொம்பிளை. நாங்கள் தொப்பியும் சப்பாத்துமாய்த் தண்ணீர்ப் போத்தலோடு நிற்போம், அவள் கனத்த பட்டுச்சேலையில், கழுத்து நிறைய நகையோடு, தலையில் பூவும் சடைநாகமுமாய், விடிய முன்னமே எழும்பி மேக்கப்புக்கு இருந்த களைப்போடு நிற்பாள். ஓடவும் முடியாது, குனியவும் முடியாது.

இதில் யாரும் வெளியே பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. பொம்பிளை தண்ணீர் குடிக்கமாட்டாள். லிப்ஸ்டிக் கலையும் என்று சொல்லுவாள், உண்மைக் காரணம் அங்கே கழிப்பறை இல்லை என்பதுதான், அதை ஒரு ஆண் படப்பிடிப்பாளரிடம் சொல்ல எத்தனை பிள்ளைகளுக்கு வாய் வரும்? அதனால் முதல் நாளே, கேட்காமலே, நாங்கள்தான் ஒழுங்கு செய்யவேண்டும். தெரிந்தவர் வீடு ஒன்று பக்கத்தில் இருக்கிறதா, சேலையோடு போய்வர முடியுமா, கூட வருகிற அக்காவோ மச்சாளோ சேலை கட்டிவிடத் தெரிந்த ஆளா என்று பார்த்து, "இந்த வீட்டில வசதி இருக்கு தங்கச்சி, பயப்பிடாமல் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டால் போதும், ஸ்ட்ரோ போட்டு இளநீரோ மோரோ தானாகவே குடிப்பாள். வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தலைசுற்று, குமட்டல், தலையிடி என்று சொன்னால் "இன்னும் ரெண்டே ரெண்டு படம்" என்ற கதையே வேண்டாம், நிழலில் இருத்தி நகையைக் கழற்றி விசிறுங்கள்.

நேரம். ஆவணியில் சூரியன் 6 மணியளவில் அந்தப் பக்கத்துக் கடலில் இருந்தே எழும்பும், வெளிச்சமும் அருமையாக இருக்கும், 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு அந்த மணலில் வெறுங்கால் வைக்க ஏலாது. பின்னேரம் எடுப்பதென்றால் எங்கள் பக்கத்தில் பொழுதுபட்டதும் சட்டென்று இருண்டுவிடும், சேலையோடு மணலில் திரும்பி நடக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சோளகக் காற்று தலைப்பைப் பறக்கவிடும், அதே காற்றுத்தான் மணலைக் கண்ணுக்குள்ளும் கொண்டுவரும். கலர் கொன்ராக்ட் லென்ஸ் போட்ட கண்ணில் மணல் போனால் கருவிழியே கீறுப்படலாம், அலங்காரம் செய்கிற அக்காவிடம் அன்றைக்கு லென்ஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காலுக்குச் செருப்பு இருக்கட்டும், சேலைக்குள் தெரியாது. அங்கே முளைத்திருக்கிற இராவணன் மீசைப் புல் ஊசி மாதிரி, பட்டுச்சேலையையும் கிழிக்கும், காலையும் குத்தும். அடம்பன் கொடியைப் படத்துக்கு இடைஞ்சல் என்று பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

இனிக் கடல். கால் மட்டும் நனையட்டும் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். 2012 ஓகஸ்டில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், டோர்வின் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து ஆற்றில் கல்யாண உடுப்போடு படமெடுக்க இறங்கிய ஒரு பெண், துணி தண்ணீரை இழுத்துப் பாரமாகி, அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனாள். பக்கத்திலேயே படப்பிடிப்பாளர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பட்டுச்சேலை அந்தக் கவுணைவிட மோசம், நனைந்தால் இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். வடமராட்சி கிழக்குக் கடல் யாழ்ப்பாண நகரத்துப் பண்ணைக் கடல் மாதிரி அமைதியானது இல்லை, அலை உடையாமல் சாதுவாகத் தெரிகிற இடைவெளிதான் பல நேரம் தண்ணீர் வெளியே இழுக்கிற இடம். ஆகவே சேலையோடு கடலுக்குள் இறக்கவே கூடாது, கணுக்கால் அளவுக்கும் கூடாது. ஈர மணலில் நிறுத்திக் கீழே இருந்து எடுத்தால் கடலுக்குள் நிற்கிற மாதிரியே வரும். கூறைச்சேலையின் சரிகையும் உப்புத்தண்ணீர் பட்டால் கறுத்துவிடும் என்று அம்மாமாரிடம் சொல்லிப் பாருங்கள், அவர்களே உங்கள் பக்கம் நிற்பார்கள்.

தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் கவரிங் போதும், தோட்டின் சுரை மணலில் விழுந்தால் விழுந்ததுதான்.

அந்த ஊர் 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த ஊர், அவர்களுடைய கல்லறைகள் அந்த மணலில்தான் இருக்கின்றன. சிலுவைகள் பின்னணியில் அழகாய் இருக்கும் என்று அங்கே பொம்பிளையைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். யாராவது கும்பிட வந்திருந்தால் எட்டவும் நில்லுங்கள்.

புது இடம் தேடுகிற தம்பிமாருக்கு இன்னொன்று. சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் உள்ளே போக வேண்டாம். ட்ரோனுக்கும் அனுமதி எடுக்கவேண்டும். முகமாலைப் பக்கம் பற்றையும் பாழடைந்த வீடுகளும் படத்துக்கு நன்றாயிருக்கும், ஆனால் மிதிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடி கூட வைக்காதீர்கள், பலகை இல்லாத இடத்திலும் ஊராட்கள் நடக்கிற பாதையை விட்டு இறங்காதீர்கள்.

போகிற வான் மணலுக்குள் இறங்காமல் தார் வீதியிலேயே நிற்கட்டும், சாரதியும் அதிலேயே இருக்கட்டும். ஏதாவது நடந்தால் மந்திகையில் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை இருக்கிறது, இலவச அம்புலன்சுக்கு 1990. மாப்பிள்ளையின் போனிலும் அந்த இலக்கத்தைச் சேமித்து வையுங்கள், உங்கள் போன் அநேகமாகக் கமராப் பைக்குள் கிடக்கும்.