ஆர்எம் கேள்வி கேட்கும் என்று நம்பி இருக்காதீர்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் வந்தவுடனேயே ஏலியஸ், அதாவது கட்டளைக்கு ஒரு சுருக்கப்பெயர், போடப் பழகிவிடுகிறார்கள். நல்லதுதான், நீளமான கட்டளையைத் தினமும் ஏன் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்? ஏலியஸ் என்று தொடங்கி, ஒரு பெயர், சமக்குறி, ஒற்றை மேற்கோளுக்குள் கட்டளை. சமக்குறியின் இருபக்கமும் இடைவெளி கூடாது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல்; பேஷ் என்ற ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் அந்த வரியைப் போட்டுவிட்டால் மறுமுறை நுழையும்போதும் இருக்கும்.

சிக்கல், கோப்புகளை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையில் வருகிறது. அது கோப்பைக் கேட்காமல் அழிக்கும், குப்பைத்தொட்டியும் கிடையாது. அதனால் பலர் ஆர்எம் என்ற பெயருக்கே ஏலியஸ் போட்டு, சின்ன ஐ (-i) ஆப்ஷனைச் சேர்க்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு கோப்புக்கும் 'அழிக்கவா?' என்று கேட்கும். ரெட் ஹேட் வகை லினக்ஸில் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு இது பெரும்பாலும் முன்கூட்டியே போட்டிருக்கும்.

கை இதற்குப் பழகிவிடுகிறது. எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக்குறி போட்டு மொத்தமாகத் தட்டிவிட்டு, கேட்கும்போது வேண்டியதை விட்டுவிடலாம் என்ற தைரியம். நைட் ஷிஃப்டில் ஒரு தம்பி வேறொரு சர்வரில் இதையே செய்தார். அங்கே அந்த ஏலியஸ் இல்லை. லாக் கோப்புகள் அத்தனையும் போயின. "அண்ணே, கேட்கவே இல்லையே!" பேக்கப் இருந்ததால் தப்பித்தோம்.

சொந்தக் கணினியிலும் இது முழுக் காவல் இல்லை. நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சூடோவை (sudo) முன்னால் போட்டால் ஏலியஸ் வேலை செய்யாது, ஏனென்றால் கட்டளையின் முதல் சொல்லைத்தான் ஷெல் ஏலியஸாகப் பார்க்கும். கட்டளைகளை எழுதிவைத்து ஓட்டும் பேஷ் ஸ்கிரிப்ட்டுக்குள்ளும் ஏலியஸ் இயல்பில் விரிவதில்லை. கேட்காமல் அழிக்கச் சொல்லும் எஃப் (-f) ஆப்ஷனைத் தட்டினாலோ, பின்னால் வரும் எஃப் முன்னால் இருக்கும் ஐயை அடித்துவிடும். அதாவது மிக ஆபத்தான நேரத்தில்தான் அது வாயைத் திறக்காது.

ஆர்எம்மை அப்படியே விட்டுவிட்டு, 'அழி' என்பதுபோல் நீங்களே ஒரு புதுப் பெயர் வைத்து, ஆர்எம்மோடு பெரிய ஐ (-I) ஆப்ஷனைக் கொடுங்கள். மூன்று கோப்புக்கு மேல் போனாலோ, ஃபோல்டரையே உள்ளடக்கத்தோடு அழித்தாலோ, ஒரே தடவை கேட்கும். அந்த ஏலியஸ் இல்லாத சர்வரில் தட்டினால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்றுதான் வரும். எதுவும் அழியாது.

பலர் பயன்படுத்தும் சர்வரென்றால் இன்னொன்றும் உண்டு. உங்கள் பேஷ்ஆர்சியில் எழுத முடிந்த எவரும் சூடோவுக்கே ஏலியஸ் போட்டு பாஸ்வேர்டைப் பிடித்துவிடலாம். டைப் (type) என்று தட்டி அருகில் கட்டளையின் பெயரைக் கொடுங்கள். உண்மையில் எது ஓடப்போகிறது என்று ஷெல்லே சொல்லும். அந்தக் கோப்பில் எழுதும் அனுமதியையும் உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.