கார்டு செருகினேன், நெட் போனது

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, படங்களும் கோப்புகளும் சேமிக்கும் சர்வராக வைத்திருக்கிறேன். போன மாதம் அதில் ஒரு அடாப்டர் கார்டு செருகினேன். என்விஎம்இ எஸ்எஸ்டியை (வேகமான சேமிப்புச் சாதனம்) மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில், அதாவது கார்டு செருகும் இடத்தில், மாட்ட உதவும் சின்னப் பலகை அது. பவர் வயரைப் பிடுங்கி, கார்டை நேராக அழுத்தி, திருகை முடுக்கி, ஆன் செய்தேன். எஸ்எஸ்டி தெரிந்தது. நெட் போய்விட்டது. நெட்வொர்க் பக்கம் நான் கையே வைக்கவில்லை.

கார்டு உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இது பிடிபடும்.

90களின் தொடக்கத்தில் சவுண்ட் கார்டு மாட்டியவர்களுக்கு ஜம்பர் நினைவிருக்கும். கார்டில் இருக்கும் குட்டித் தொப்பிகளை இடம் மாற்றி, இன்டரப்ட் எண் (கார்டு ப்ராசஸரைக் கூப்பிடும் மணி) 5, முகவரி (ப்ராசஸர் கார்டைத் தேடிப் போகும் இடம்) 220 என்று நாமே முடிவு செய்ய வேண்டும். இன்னொரு கார்டும் அதே எண்ணில் இருந்தால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். 1992-இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ என்ற கார்டு இணைப்பு முறை இந்தத் தலைவலிக்கு முடிவு கட்டியது. ஒவ்வொரு கார்டும் தன் ஜாதகத்தை, அதாவது தன்னைப் பற்றிய விவரங்களை, தானே சுமந்து வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த ஜாதகம் அப்போது 256 பைட். பிசிஐ எக்ஸ்பிரஸில் 4096 பைட்.

அதில் முதலில் இருப்பது தயாரிப்பாளர் எண், 16 பிட். இன்டெலுக்கு 8086. தன் பழைய சிப்பின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்ட குறும்பு! கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் பயாஸும் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க புரோகிராம்) பிறகு ஆபரேட்டிங் சிஸ்டமும் வீடு வீடாகக் கதவு தட்டி இந்த எண்ணைக் கேட்கின்றன. ஆள் இல்லாத வீட்டிலிருந்து 16 பிட்டும் 1 ஆகவே வரும். அதனால் அந்த எண்ணை மட்டும் எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை.

அடுத்து, கார்டுக்கு எவ்வளவு முகவரி இடம் வேண்டும்? இதைக் கேட்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முகவரி எழுதும் கட்டத்தில் எல்லா பிட்டிலும் 1 எழுதிவிட்டு, உடனே திரும்பப் படிக்கிறார்கள். 4096 பைட் வேண்டும் என்கிற கார்டில் கடைசி 12 பிட்டுகள் மாற்றவே முடியாதபடி இருக்கும். மேலே இருப்பவை மட்டும் 1 ஆகும். (கடைசி 4 பிட்டில் வேறு குறிப்புகள் உண்டு, கணக்கில் அவற்றை 0 என்றே கொள்வார்கள்.) கீழிருந்து பன்னிரண்டு 0. இரண்டை 12 முறை பெருக்கினால் 4096. கேள்வியும் பதிலும் ஒரே கட்டத்தில் முடிந்தது. அப்புறம் யாரோடும் மோதாத ஒரு முகவரியை அங்கே எழுதிவிடுவார்கள்.

கடைசியாக டிரைவர், அதாவது கார்டை இயக்கும் புரோகிராம். எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்ற பட்டியல் லினக்ஸில் தயாராக இருக்கிறது. என் மதர்போர்டில் இருக்கும் நெட்வொர்க் சிப் ரியல்டெக் 8168. அதற்குப் பொருந்துவது ஆர்8169 என்ற டிரைவர். 8169 சிப்புக்காக எழுதியது, பின்னால் 8168-ஐயும் சேர்த்துக்கொண்டது.

சரி, நெட் ஏன் போனது? என் நெட்வொர்க் சிப்புக்கு லினக்ஸ் வைத்த பெயர் ஈஎன்பி2எஸ்0. ஈஎன் என்றால் ஈதர்நெட், பி2 என்றால் 2-ஆம் பஸ் (கார்டுகள் இணையும் பாதை), எஸ்0 என்றால் அதில் 0-ஆம் ஸ்லாட். பஸ் எண்கள் மதர்போர்டில் அச்சடித்தவை அல்ல. கதவு தட்டிக்கொண்டே வரும்போது வரிசையாகக் கொடுப்பவை. புது கார்டு வரிசையில் முன்னால் வந்ததால் 2 அதற்குப் போனது, நெட்வொர்க் 3-க்குத் தள்ளப்பட்டது. ஐபி முகவரி எழுதியிருந்த கோப்பிலோ பழைய பெயரே இருந்தது. இல்லாத ஆளுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது லினக்ஸ்.

கோப்பில் பெயரை எடுத்துவிட்டு, சிப்போடு பிறந்த மேக் முகவரியை, அதாவது ஸ்லாட் மாறினாலும் மாறாத அதன் அடையாள எண்ணை, எழுதினேன். போன வாரம் இன்னொரு கார்டு செருகினேன். பெயர் பி4 ஆகிவிட்டது, நெட் அசையவில்லை.